தில்லை மரத்தைத் தேடி... சிதம்பரம் டு பிச்சாவரம் ஒருநாள் டூர்!

பெரிய நகரங்களுக்கு டூர் போனால், ஒரு பூங்கா, ஒரு மியூசியம் பார்க்காமல் திரும்ப மாட்டோம். சிதம்பரம் சின்ன ஊர்தான். ஆனால், கலைக்குக் கோயில், பசுமைக்குப் பிச்சாவரம் என இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். இரண்டையும் இணைப்பது ஒரு மரம்!

காலையில் நடராஜர் கோயிலுக்குப் போய்விடுங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள். கோபுர வாசலை அவசரமாகக் கடக்காமல், இருபுறச் சுவர்களையும் அண்ணாந்து பாருங்கள். நாட்டிய சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்களும் சிற்பங்களாக நிற்கின்றன. பரதம் கற்கும் பிள்ளைகள் கூட வந்தால், நகரவே மாட்டார்கள்.

இந்த ஊரின் பழைய பெயர் தில்லை. தில்லை மரங்கள் அடர்ந்த வனமாக இருந்ததால் வந்த பெயர் என்பார்கள். கோயிலின் தல விருட்சமும் அதுதான். ஆனால், ஊருக்குள் இப்போது அந்த வனம் இல்லை. தில்லையைப் பார்க்க சுமார் 15 கி.மீ. தள்ளியிருக்கும் பிச்சாவரத்துக்குத்தான் போக வேண்டும்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே சுமார் 1,100 ஹெக்டேரில் விரிந்து கிடக்கிறது அலையாத்திக் காடு. 'இதயக்கனி', 'தசாவதாரம்' படங்களில் நாம் பார்த்த அதே இடம். துடுப்புப் படகில் ஏறுங்கள். குறுகலான கால்வாய்களுக்குள் அதுதான் நுழையும். சுரபுன்னையின் வேர்களுக்கு நடுவே போகும்போது, தில்லை எது என்று படகோட்டியிடம் கேளுங்கள். தொட மட்டும் வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

2004 சுனாமியின்போது அலையின் வேகத்தைத் தணித்து, பின்னாலிருந்த கிராமங்களைக் காத்தது இந்தக் காடு. 2022-ல் ராம்சர் ஈரநிலமாக அங்கீகாரமும் கிடைத்தது. ஊருக்குப் பெயர் தந்த மரம் மிச்சமிருப்பது இங்கேதான். சிப்ஸ் பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும் உங்களோடு சேர்ந்து கரைக்குத் திரும்பட்டும்!