சிரட்டையிற் பிறந்த குளம்பொலி

அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் மாநகரிலே, ஹொலிவூட் குன்றுகளைக் கடந்து வடக்கே இறங்கினால் யூனிவேர்சல் நகர் எதிர்ப்படும். கோழிப்பண்ணையாயிருந்த நிலத்தை வாங்கி, கார்ல் லெம்லி என்பவர் 1915-ஆம் ஆண்டு திறந்துவைத்த படநகர் அது. அந்நாளில் 25 சதம் கொடுத்தோர் படப்பிடிப்பை நேரிலே கண்டு களித்தனர், கைதட்டி ஆரவாரித்தனர். ஊமைப் படக் காலமாதலின் அவ்வாரவாரம் எவருக்கும் இடையூறாகவில்லை.

1927-இல் திரைப்படம் பேசத் தொடங்கிற்று. பேசும் படம் வேரூன்றவே, பார்வையாளருக்குக் கதவு அடைபட்டது. ஒலிவாங்கியின் முன் நிசப்தம் வேண்டுமன்றோ! ஆனால், அக்காலத்து ஒலிவாங்கி நடிகரின் பேச்சையே பற்றிற்று. காலடியும் கதவோசையும் அதற்கு எட்டவில்லை. உலகம் ஊமையாயிருக்க, மாந்தர் மட்டும் பேசினால் அக்காட்சியை யார் நம்புவர்?

இக்குறையைத் தீர்த்தவர்களுள் முதன்மையானவர் அந்நகரிலே பணிபுரிந்த ஜக் ஃபோலி. ஊமைப் படமாக எடுக்கப்பட்ட 'ஷோ போட்', 1929-இல் ஒலியுடன் வெளிவர வேண்டியதாயிற்று. ஃபோலியும் துணைவரும் படத்தைத் திரையில் ஓடவிட்டு, பார்த்த கண் வாங்காமல், ஏற்ற ஓசைகளை உடனுக்குடன் எழுப்பினர்.

அவர் வழிவந்தோரின் ஒலிக்கூடங்களில் இன்றும் சரளைக்கல், மணல், மரப்பலகை எனச் சிறுசிறு தளங்களைக் காணலாம். அருகே பழைய சப்பாத்துகளின் குவியல்! நம் அடுக்களையில் வீசியெறியும் சிரட்டைகள் இரண்டைத் தட்டினால் அங்கே குதிரை பாயும். சோளமாவைத் தோற்பையில் இட்டுப் பிசைந்தால் உறைபனியில் ஒருவர் நடப்பார். கையுறையை உதறினால் பறவை சிறகடிக்கும்.

அயலூரான பேர்பாங்கிலே வால்ற் டிஸ்னியின் கலையகம் உள்ளது. வரைந்த சித்திரத்துக்குச் சொந்த ஓசை ஏது? ஒவ்வொன்றையும் ஒருவர் படைத்தே ஆகவேண்டும். 1934-இல் டிஸ்னியிடம் சேர்ந்த ஜிம்மி மக்டொனால்ட், அதற்கென விந்தைக் கருவிகள் பலநூறு செய்தார்.

1964 முதல் பார்வையாளர் மீண்டும் யூனிவேர்சல் நகரினுட் செல்கின்றனர். அங்கே உழைத்த ஃபோலியோ 1967-இல் மறைந்தார். தாம் ஒலியூட்டிய படங்களிலே பெயர் பொறிக்கப்பெறாத அவர் பெயரே இன்று அத்தொழிலின் பெயராயிற்று. நம் செவிக்கு அது 'போலி' என்றும் ஒலிக்கும். போலி ஓசையால் மெய்யைக் காட்டியவருக்கு எத்துணைப் பொருத்தம்!

இனித் திரையிலே காலடியோசை கேட்கும்போது, இருளில் நடந்த அந்த முகமறியாக் கால்களையும் ஒருகணம் நினைப்போமாக.