பாதி தேறியவருக்கு என்ன வேலை?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

லெஸ்டரிலிருந்து எழுதுகிறேன். சித்தப்பா பனையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டதைப் போனில் சொன்னபோது, "உசுரு தப்பிச்சே, அதுவே பெருசு" என்றீர்கள். அடுத்து நீங்கள் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது: "சித்தியும் இந்த வருசம் விடிலி போடல."

பனையேற்றம் ஓர் ஆள் வேலை இல்லையென்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. ஆண் காலையும் மாலையும் ஏறி, பாளையைச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீரை இறக்கி வருவார். அதை விடிலி என்கிற ஓலைக் குடிசையில் காய்ச்சுவது வீட்டுப் பெண். புகையில் கண் எரிய எரியக் கிண்டி, பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றுகிற கைப்பக்குவம் இல்லாமல் உடன்குடிக் கருப்பட்டிக்கு ஏது பெயர்? பனையில் ஏறிய கால் ஓய்ந்தால் அடுப்பும் அணைகிறது. ஒருவர் விழுந்ததில் இரண்டு பேருடைய வருமானம் போகிறது. வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் மட்டும் அப்படியே நிற்கிறது.

சித்தப்பா இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். உட்கார்ந்து செய்கிற வேலை எதையும் அவரால் செய்ய முடியும். கேட்டால் ஊர் என்ன சொல்கிறது? "இனி அவரால ஏற முடியாது." அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பனையின் வயது, பாளையின் பருவம், பதநீரின் தரம் எல்லாம் அத்துபடியான மனுஷனுக்கு ஏறுவது ஒன்றுதான் வேலையா?

இங்கே நான் வேலை பார்க்கிற கிடங்கில் ஒரு குஜராத்தி அக்கா இருக்கிறார். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து திரும்பி வந்தபோது டாக்டர் கொடுத்த சீட்டை எனக்குக் காட்டினார். 2010 முதல் இந்த நாட்டில் புழங்குகிற சீட்டு அது. 'வேலைக்குத் தகுதியில்லை' என்று ஒரு கட்டம். அதற்குக் கீழே, 'பின்வரும் ஏற்பாடு இருந்தால் வேலை பார்க்கலாம்' என்று இன்னொரு கட்டம். படிப்படியாக வேலைக்குத் திரும்புவது, நேரத்தை மாற்றுவது, வேலையை மாற்றுவது, பணியிடத்தில் வசதி செய்து தருவது என நாலு வழிகள் அதில் அச்சாகியிருக்கின்றன. டாக்டர் முதல் மூன்றில் டிக் அடித்திருந்தார். அக்கா முதலில் வாரம் இரண்டு நாள் வந்தார். பெட்டி தூக்கியவர், மேஜையில் உட்கார்ந்து லேபிள் சரிபார்த்தார். 2010-இல் வந்த சமத்துவச் சட்டப்படி, புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்தே அவருக்குப் பாதுகாப்பு உண்டு. இங்கிலாந்து சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. உழைக்கும் வயதில் உடற்குறை உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான் இங்கும் வேலை இருக்கிறது. ஆனால் 'முடியும்', 'முடியாது' இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் உண்டென்று அந்தக் காகிதம் ஒப்புக்கொள்கிறது.

நம் நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. இரண்டு நாடுகளும் ஒரே ஆண்டில், 1995-இல்தான், மாற்றுத்திறனாளிகளுக்காகச் சட்டம் நிறைவேற்றின. பணியில் காயம்பட்டுக் காலை இழந்த காவலர் குணால் சிங்கை வேலையைவிட்டு அனுப்பியது செல்லாதென்று 2003-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது நம் நாட்டின் அந்தச் சட்டத்தை வைத்துத்தான். இப்போதுள்ள 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது: பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்டால் ஆளை நீக்கக் கூடாது, பதவியிறக்கக் கூடாது, வேறு வேலை கொடுக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் அவருக்காகவே ஓர் இடத்தை உண்டாக்க வேண்டும். படிக்கவே மனம் குளிர்கிறது. ஆனால் இதெல்லாம் அரசு நிறுவனத்துக்கு மட்டும். இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ள ஆலைத் தொழிலாளி நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். பனையேறிக்கு முதலாளி யார்? உப்பளத்தில் கண்பார்வை மங்கிய பெண்ணுக்கு யார் வேறு வேலை மாற்றித் தருவார்கள்?

போதாததற்கு 40 சதவீத ஊனம் என்கிற கோடு. மருத்துவக் குழு அதற்குக் கீழே போட்டுவிட்டால் வேலை ஒதுக்கீட்டுக்குத் தகுதி கிடையாது. மரம் ஏறவோ கட்டுமரம் தள்ளவோ முடியாது, ஆனால் ஒதுக்கீடு கிடைக்கிற அளவுக்கு ஊனமும் இல்லை என்கிற நிலையில் நம் கடற்கரையில் எத்தனை பேர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்!

நம் ஊர்த் தசராவுக்கு நோய் தீர்ந்தவர்கள் காப்புக்கட்டி, காளி வேஷமோ குறவன் வேஷமோ போட்டு வீடு வீடாகக் காணிக்கை பிரித்து முத்தாரம்மன் கோயில் உண்டியலில் சேர்க்கிறார்கள். ஊரே வாசலில் நின்று அவர்களை வரவேற்கிறது. பாதி தேறியவரையும் அதே ஊர் அப்படிக் கூப்பிட்டுக் கையில் ஒரு வேலையைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

நடக்காத காரியமில்லை. நம் பக்கத்திலேயே தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. பொறியியல் மாணவரான ராமகிருஷ்ணன் 1975-இல் கடற்படை ஆள்தேர்வின்போது கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தார். தனக்குச் சிகிச்சை தந்த அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் 1981-இல் அதைத் தொடங்கினார். தசைச் சிதைவு நோயுள்ள ஆடிட்டர் சங்கரராமன் பிறகு அவரோடு சேர்ந்துகொண்டார். சக்கர நாற்காலியில் அமர்ந்த இருவர் நடத்திய நிறுவனத்தில் எத்தனையோ பேர் சிகிச்சையும் தொழிற்பயிற்சியும் பெற்றிருக்கிறார்கள். 2020-இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இப்போது நம் ஊருக்கே ராக்கெட் ஏவுதளம் வருகிறது. 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டியாயிற்று. அரசு நிறுவனம் என்பதால் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத ஒதுக்கீடு அங்கே செல்லும். ஆனால் காவல், தோட்டம், கேன்டீன் வேலையெல்லாம் ஒப்பந்தக்காரர் கைக்குப் போனால் அந்தச் சதவீதம் வாசலோடு நின்றுவிடும். ஒப்பந்தத்திலேயே இதற்கு ஒரு நிபந்தனை வேண்டுமென்று கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கத்தில் தரம் பிரிக்க, எடை போட, கணக்கு எழுத, மரத்திலிருந்து விழுந்தவர்களை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். கலப்படக் கருப்பட்டியைக் கண்டுபிடிக்க அவர்களைவிடத் தோதான ஆள் எங்கே கிடைக்கும்?

சித்தப்பா விஷயத்தில் மூன்று காரியம் நீங்கள் பார்க்க வேண்டும். பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தில் அவருடைய பதிவு நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள், விபத்து உதவிக்கு மனுப் போட வேண்டும். தூத்துக்குடிக்குக் கூட்டிப்போய் ஊனச் சான்றிதழுக்குக் காட்டுங்கள். அது முடிந்ததும் ஆய்க்குடிக்கு ஒரு நடை. கார் பிடித்துப் போங்கள், பஸ்ஸில் அவ்வளவு நேரம் உட்கார அவர் முதுகு தாங்காது. பணம் இந்த வாரமே அனுப்புகிறேன். சித்தியையும் கூட அழைத்துப் போங்கள், வேலை போனது அவருக்கும்தானே.

அன்புடன்,
உங்கள் தம்பி