கோப்பு முடியவில்லை



பயிற்சிக் கல்லூரியை முடித்துப் பணியில் சேர்ந்த புதிதில், 2003-ஆம் ஆண்டு, ஆறாம் ஆண்டு மாணவர்களின் கட்டுரைகளைக் கணினியில் தட்டச்சு செய்து வைத்தேன். மலராக வெளியிட எண்ணம். மலர் வரவில்லை, கோப்பு மட்டும் ஒரு குறுவட்டில் தங்கிவிட்டது.

அண்மையில் அவ்வகுப்பு மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "டீச்சர், அப்பா தவறிட்டாரு. அவரைப் பத்தி நான் எழுதின கட்டுரை உங்ககிட்ட இருக்குமா? பதினாறாம் நாள் காரியத்துல படிக்கணும்."

குறுவட்டைத் தேடி எடுத்தேன். வேர்டு மென்பொருளோ, கோப்பு பழுதடைந்துவிட்டது என்று கூறித் திறக்க மறுத்தது. கணினித் துறையில் பயிலும் என் மகன், "பைட் பைட்டா நாமளே படிச்சுப் பார்ப்போம்மா" என்றான். அவன் துணையுடன் சி மொழியில் சிறு நிரல் ஒன்றை எழுதினேன். 'எஃப்கெட்சி' என்னும் கட்டளை கோப்பிலிருந்து ஒவ்வொரு பைட்டாக எடுத்துத் தரும். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண்.

நிரல் 6 பைட்டுகளைப் படித்ததும் நின்றது. ஏழாவது பைட்டு 26. விண்டோசில் கோப்பை உரையாகத் திறந்தால், 26 என்பது முடிவுக் குறியாகக் கொள்ளப்படும். 'ஆர்' என்றிருந்ததை 'ஆர்பி' என மாற்றி, இரும நிலையில் திறந்தோம்.

இம்முறை 29 பைட்டுகள். முப்பதாவது பைட்டு 255. அதை நான் 'கேர்' வகை மாறியில் வாங்கியிருந்தேன். எங்கள் கணினியில் அவ்வகை −128 முதல் 127 வரைதான் கொள்ளும். ஆதலால் 255 அங்கே −1 ஆகிவிட்டது. கோப்பு முடிந்தால் 'எஃப்கெட்சி' தரும் விடையும் −1 தான்! மாறியை 'இன்ட்' என மாற்றியதும் 255 வேறு, −1 வேறு எனப் பிரிந்தன. நிரல் இறுதிவரை ஓடியது.

எண்கள் திரையில் நிரம்பின. அக்காலத்தில் நான் பயன்படுத்தியது திஸ்கி எழுத்துரு. அதன் அட்டவணையை அருகில் வைத்துத் தேடினோம். 177, 253, 32, 171, 244, 192, 161. "என் அப்பா"! திஸ்கியில் கொம்பு எழுத்துக்கு முன்னே வரும், பிள்ளைகள் கையால் எழுதுவதைப் போலவே. 'கொ' என்பது 166, 184, 161. யூனிகோடில் 'க' முதலில் வரவேண்டும் என்பதால், அவற்றை இடம் மாற்றவும் நிரலில் வழி செய்தோம்.

ஓரிடத்தில் 195 இருக்க வேண்டிய இடத்தில் 200 இருந்தது. 'பால்மரம்' என்பதைப் 'பால்மறம்' என்று எழுதியிருக்கிறார் மாணவர். நானும் அன்று கவனியாமல் அப்படியே தட்டச்சு செய்திருக்கிறேன். இம்முறை தெரிந்தே திருத்தாமல் விட்டேன்.

பதினாறாம் நாளுக்கு முதல் நாள் கட்டுரையை அனுப்பி வைத்தேன். மறுநாள் இரவு அழைத்தார். "அம்மா இன்னொரு தடவை படிக்கச் சொன்னாங்க, டீச்சர்" என்றார். மேலே பேச அவரால் இயலவில்லை, என்னாலும்தான்.

இருமுறை என் நிரல் "முடிந்தது" என்றது. இரண்டு முறையும் கோப்பு முடியவில்லை. நான் படித்த முறைதான் தவறு. வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையைப் பாதியில் நிறுத்தி, "போதும், உட்கார்" என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! இப்போது அவன் வாக்கியத்தின் முற்றுப்புள்ளி வரை காத்திருக்கிறேன்.