எங்கட ஆறு எது?

நோர்வேயில் பிறந்த எங்கட பிள்ளைகளிட்ட, தமிழ் வகுப்பில் "ஒரு ஆற்றின்ர பேர் சொல்லுங்கோ" என்று கேட்டால், பெரும்பாலும் காவேரி, மகாவலி என்றுதான் பதில் வரும். வீட்டிலிருந்து கொஞ்சத் தூரத்தில் ஓடுகிற குளொம்மாவின் பெயர் வராது. அது நோர்வேஜியப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற ஆறு. இங்குள்ளதைக் கதைக்க நோர்வேஜிய மொழி, அங்குள்ளதைக் கதைக்கத் தமிழ் என்று பிள்ளைகள் தாங்களாகவே பிரித்து வைத்துவிடுகிறார்கள். அப்படிப் பிரித்தால், வயது ஏற ஏறத் தமிழில் கதைக்க விஷயம் குறைந்துகொண்டே போகும்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கு. எங்களில் கனபேரின் தாய் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறே கிடையாது. வழுக்கையாறு கூட மாரியில் மட்டும்தான் ஓடும். கிணற்றுத் தண்ணியில் வளர்ந்த சனம் அது. லோரன்ஸ்கூக், லில்லெஸ்த்ரோம் பக்கம் இருக்கிற எங்களுக்கோ குழாயில் வருவதே குளொம்மாத் தண்ணிதான். அப்ப "எங்கட ஆறு" எது?

குளொம்மா நோர்வேயின் மிக நீளமான ஆறு, 600 கிலோமீற்றருக்கு மேல். ரோரோஸுக்குப் பக்கத்து மலைப்பகுதியில் தொடங்கி, ஃபிரெட்ரிக்ஸ்டாட்டில் கடலில் சேருகிறது. முழுவதையும் ஒரே பயணத்தில் காட்ட வெளிக்கிட்டால் பிள்ளைகள் காருக்குள் நித்திரையாகிவிடுவார்கள். நாங்கள் ஒன்பது வயதும் ஆறு வயதுமான எங்கட இரண்டு பேரையும் நாலு ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ஒவ்வொரு இடத்திலும் ஒன்றிரண்டு தமிழ்ச் சொல், அவ்வளவுதான்.

முதலில் ஓர்னேஸ். மியோசா ஏரியிலிருந்து வருகிற வொர்மா ஆறு இங்கேதான் குளொம்மாவோடு சேருகிறது. அன்றைய சொல் "கிளையாறு". மரத்துக்குக் கிளை இருக்கிற மாதிரி என்றதும் சின்னவனுக்கு உடனே விளங்கிவிட்டது.

அடுத்தது ஃபெட்சுண்ட். காட்டில் வெட்டிய மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டு அனுப்பிய காலத்தில், இங்கே அவற்றைப் பிடித்து, மரத்தில் குத்தியிருக்கிற அடையாளத்தைப் பார்த்து, உரியவருக்கென்று பிரித்தார்கள். 1985 இல் அந்த வேலை நின்றது. இப்போது அருங்காட்சியகம். மென்பொருள் எழுதுகிற எனக்கு, கணினி இல்லாமல் இத்தனை மரங்களை எப்படிப் பிரித்தார்கள் என்பது பெரிய ஆச்சரியம். "மிதவை", "மரக்குற்றி" என்ற சொற்கள் இங்கே கிடைத்தன.

மூன்றாவது, சார்ப்ஸ்போர்க் நீர்வீழ்ச்சி. மே, ஜூனில் போங்கோ. மற்றக் காலங்களில் தண்ணியின் பெரும்பகுதி மின்நிலையங்களுக்குப் போய்விடும். குளொம்மாவில் சராசரியாக விநாடிக்கு 700 கனமீற்றர் அளவில் தண்ணி ஓடுகிறது, அதாவது ஏழு லட்சம் லீற்றர். "எங்கட குளியல் தொட்டியால எத்தினை?" என்று மூத்தவள் கணக்குப் போடத் தொடங்கினாள். 1702 இல் ஆறு கரையை அரித்து, ஒரு பெரிய மாளிகையே நிலத்தோடு சரிந்து உள்ளே போனதும் இந்த இடத்தில்தான். "அரிப்பு" என்ற சொல்லை இனி அவர்கள் மறக்க மாட்டார்கள்.

கடைசியில் ஃபிரெட்ரிக்ஸ்டாட். கட்டணமில்லாத சின்னப் படகில் அக்கரைக்கும் இக்கரைக்கும் போய் வந்தோம். "கழிமுகம்" என்ற சொல்லைச் சொல்லச் சொல்ல இருவருக்கும் ஒரே சிரிப்பு.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லவேணும். வெளியில் பார்க்க ஆறு அமைதியாக இருக்கும், உள்ளுக்குள் இழுவை பலம். கரைக்குப் போனால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கோ, படகென்றால் மிதவை அங்கி போடுங்கோ. பனிக்காலத்தில் ஆற்றுப் பனிக்கட்டியில் நடக்க விடவே வேண்டாம்.

இந்தப் பயணங்களில் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. எங்கட வீடுகளில் தமிழில் கதை சொல்வது எப்போதும் பெரியவர்கள், கேட்பது பிள்ளைகள். குளொம்மாவில் அது மாறியது. வெள்ளம் என்றால் மாரி மழைதான் என்று அம்மம்மா நினைத்திருந்தா. "இல்லை அம்மம்மா, இஞ்ச வெயில் வந்தாத்தான் வெள்ளம் வரும். மலையில இருக்கிற ஸ்னோ எல்லாம் உருகும். 1995 இல அப்பிடித்தான், மழையும் சேர்ந்து பெரிய வெள்ளம் வந்தது" என்று மூத்தவள் விளங்கப்படுத்தினாள். அம்மம்மாவுக்கு நோர்வேஜிய மொழி அவ்வளவு வராது, அதனால் தமிழில்தான் சொல்லவேண்டியிருந்தது. சொல் தட்டுப்பட்டபோது அம்மம்மா எடுத்துக் கொடுத்தா: "ஸ்னோ இல்லையடி, உறைபனி."

உங்கள் ஊருக்குப் பக்கத்திலும் ஒரு ஆறு ஓடும். அதைப் பிள்ளைகளுக்குத் தமிழில் காட்டுங்கோ. அதைப் பற்றி அம்மம்மா, அப்பப்பாவிடம் சொல்லும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கோ.