கடைசிப் பந்தி

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கென்று ஒரு கர்வம் உண்டு. நம்பாதவர்கள் காலை ஐந்தரை மணிக்கு மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கு வந்து பார்க்கலாம். அமிர்தாஞ்சனம் கண்ட பந்துலுவின் பெயரைத் தாங்கிய அந்த இடத்தில் தலைவலியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. "வெறும் வயிற்றிலே 110, ஸார்!" என்கிறார் ஒருவர். "எனக்கு மூணு மாசச் சராசரியே ஆறரை!" என்று இன்னொருவர் அவரை மடக்குகிறார். மார்க்கு வாங்கின பையன்கள்கூட இவ்வளவு பீற்றிக்கொள்ள மாட்டார்கள்.

அந்த மூன்று மாதச் சராசரி பொல்லாத பரீட்சை. இரத்தத்தின் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது. வாழ்ந்த நாளெல்லாம் தன்மேல் படிந்த சர்க்கரையைச் சுமந்துகொண்டே வருகிறது. ஆகையால் முதல் நாள் மட்டும் பட்டினி கிடந்து டாக்டரை ஏமாற்ற முடியாது. அந்தப் பரீட்சையிலும் நான்கு வருஷமாகத் தேறி வருகிறவன் நான். தினம் எட்டுச் சுற்று. காப்பியில் சர்க்கரை கிடையாது. நண்பர்கள் கல்யாணத்தில் ஜாங்கிரியை இலை ஓரத்துக்குத் தள்ளுவதில் எனக்கு ஒரு தனி நேர்த்தியே வந்துவிட்டது. 'மனோதிடம் உள்ள மனுஷர்' என்று சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை.

சென்ற பங்குனியில் அறுபத்துமூவர் உற்சவம். என் மனைவி வருஷந்தோறும் போல மாட வீதிகளை வெறுங்காலோடு சுற்றிவிட்டு வந்தாள். பிற்பகல் வெயிலில் அந்தத் தார் ரோடு எப்படிக் காயும் என்று உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் காலை சமையலறைத் தரையில் ஈரமாக ஒரு கறையைப் பார்த்தேன். ஓர் அடி தள்ளி இன்னொன்று. அவளை உட்காரவைத்துப் பாதத்தைத் திருப்பினால், எட்டணா அகலத்துக்குக் கொப்புளம் உடைந்து கிடக்கிறது.

"வலிக்கலையா?"

"தெரியவே இல்லையே!" என்றாள், தனக்கே ஆச்சரியம் போல.

அவளுக்கும் சர்க்கரை வியாதி உண்டு என்பதை இத்தனை நேரம் உங்களிடம் சொல்லாமல் விட்டேன், பார்த்தீர்களா? வீட்டிலும் அப்படித்தான் விட்டிருந்தேன்.

டாக்டர் ஒரு மெல்லிய நைலான் இழையை எடுத்தார். "கண்ணை மூடிக்குங்கம்மா. தொடறது தெரிஞ்சா சொல்லுங்க." இழை வளைகிற அளவுக்கு உள்ளங்காலில் அழுத்தினார். அவள் சும்மா இருந்தாள். இன்னோர் இடம். அப்போதும் சும்மா இருந்தாள். இழை வளைவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"தினம் நடை உண்டா?" என்று கேட்டார்.

"நாலு வருஷமா ஒருநாள்கூட..." என்று நான் தொடங்கினேன்.

"நான் அம்மாவைக் கேட்டேன்."

நடையாவது! நான் பூங்காவில் சுற்றும் அதே நேரத்தில் அவள் எனக்குத் தனியாக வெந்தய தோசை, பையனுக்கு டிபன், என் தாயாருக்குக் குழைந்த சாதம் என்று அடுப்போடு நிற்கிறாள். மாத்திரையைக் காலையில் விழுங்கிவிட்டு, எல்லாருக்கும் பரிமாறி முடித்துப் பகல் இரண்டரை மணிக்குக் கடைசிப் பந்தியாகத் தான் சாப்பிடுகிறாள். மாத்திரை தன் வேலையைச் செய்யாமல் இருக்குமா? நடுவில் கை நடுங்கி வேர்த்துக் கொட்டும். அதற்குப் பித்தம் என்று பெயர் வைத்து, ஒரு பிடி சர்க்கரையை வாயில் போட்டுக்கொள்வாள். நான் தியாகம் செய்த பாயசம் எங்கே போயிற்று என்பதும் அப்போதுதான் தெரிந்தது. 'வீணாகிறதே' என்று அவள் அதைக் காலி செய்துகொண்டிருந்தாள்! ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த உணவுப் பட்டியலில் என் பெயர்தான் இருந்தது.

இந்த ஊருக்கு இந்த வியாதி புதிதல்ல. 1948-லேயே டாக்டர் எம். விசுவநாதன் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் இதற்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். 1954-இல் ராயபுரத்தில் தனி ஆஸ்பத்திரியே கட்டினார். சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் குழுவினரும் 2006-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். வியாதியின் வாசற்படியில் நின்றவர்களை மூன்று வருஷம் கவனித்தார்கள். வழக்கமான ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் 100-க்கு 55 பேர் உள்ளே போய்விட்டார்கள். உணவையும் நடையையும் மாற்றிக்கொள்ளத் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் 39 பேர்தான். முன்பு இதைப் படித்தபோது, மனோதிடத்துக்கு அத்தாட்சி என்று பூரித்துப் போனேன். இப்போது படித்தால், தப்பித்தவர்களுக்கெல்லாம் அந்த மாற்றுச் சமையலைச் செய்து போட்டது யார் என்று கேட்கத் தோன்றுகிறது.

புண் ஆற ஏழு வாரம் ஆயிற்று. இப்போது காலை ஐந்தரைக்குக் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு அவள் போகிறாள். அடுப்பு என் பொறுப்பு. என் நடை சாயங்காலத்துக்கு மாறிவிட்டது. முதல் நாள் திரும்பி வந்தவளிடம், "எத்தனை சுற்று?" என்றேன்.

"மூணு. அப்புறம் பெஞ்சிலே உட்கார்ந்துட்டேன்."

"ஏன்? காலா?"

"இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன்" என்றாள். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "சாம்பார் அடிப்பிடிச்சிருக்கு" என்றாள்.

பகல் சாப்பாட்டுக்கு இரண்டு தட்டாகப் போடுகிறேன். அவள் உட்கார்ந்த பிறகும் மோருக்கென்று ஒரு தரம், உப்புக்கென்று ஒரு தரம் எழுந்திருக்கத்தான் செய்கிறாள்.

தினம் பாதத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. ராத்திரி டார்ச் விளக்கோடு கட்டிலின் கால்மாட்டில் உட்காருகிறேன். "புருஷன் காலைத் தொடறதாவது! அத்தை பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்று அவள் காலை இழுத்துக்கொள்வாள். நேற்று விரலிடுக்கைப் பார்க்கும்போது சட்டென்று, "கூசறது, விடுங்க" என்றாள்.

"கால் கூசறதா, உனக்குக் கூச்சமா?" என்று ஆவலோடு கேட்டேன்.

பதில் சொல்லாமல் விளக்கை அணைத்துவிட்டாள்.