இரண்டாம் வாசற்படி

விஜயதசமியன்று குழந்தையின் விரலைப் பிடித்துத் தாம்பாளத்து அரிசியில் முதலெழுத்தை எழுதச் செய்யும் வழக்கம் நம் இல்லங்களில் இன்றும் தொடர்கிறது. கல்வியின் முதல் வாசற்படிக்கு நல்ல நாளும் உண்டு, ஆலய வழிபாடும் உண்டு. ஐந்தாம் வகுப்பை முடித்து ஆறாம் வகுப்புக்குள் நுழையும் இரண்டாம் வாசற்படிக்கோ அத்தகைய சிறப்பு ஏதுமில்லை. பல பிள்ளைகளின் கால் இடறுவது அங்கேதான்.

தொடக்கப் பள்ளி பெரும்பாலும் தெருக்கோடியிலேயே இருக்கும். ஒரே ஆசிரியை அநேகமாக எல்லாப் பாடங்களையும் நடத்துவார். எந்தப் பிள்ளைக்குக் காது மந்தம், எந்தப் பிள்ளைக்கு எழுத்துத் தடுமாறும் என்பதை அவர் அறிவார். ஆறாம் வகுப்பிலோ பாடத்துக்கு ஓர் ஆசிரியர். மணி அடிக்குந்தோறும் புதிய முகம். பள்ளியும் தொலைவாகி, பலர் பேருந்து ஏற வேண்டியிருக்கும். மாற்றுச் சான்றிதழில் பிள்ளையின் பெயரும் பிறந்த தேதியும் இருக்கும்; ஐந்தாண்டுகள் பழகிய ஆசிரியை அறிந்தவை அதில் இரா.

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்தில் மற்றொரு சிரமமும் சேர்கிறது. தோல் பதனிடுதலும் காலணித் தொழிலும் இவ்வூர்களுக்குச் சோறு போடுகின்றன. காலணித் தொழிற்சாலைகளில் பெண்களே மிகுதி. கம்பெனி பேருந்தைப் பிடிக்கத் தாய் விடியலிலேயே கிளம்பிவிட்டால், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது பாட்டியோ தாத்தாவோதான். 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கென வந்தது. பள்ளியிலேயே காலையில் உண்டு பழகிய பிள்ளை, ஆறாம் வகுப்பின் முதல் பாடவேளையில் வெறும் வயிற்றோடு அமர நேரிடலாம். அந்த நான்கு இட்லியைக் கவனிப்பதும் பெரியோர் கடமையே.

கூடுதல் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்கு இவ்வாசற்படி இன்னும் உயரமானது. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகிறது. கற்றல் குறைபாடும் அவற்றுள் ஒன்று. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கின்றனர். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் நம்பிக்கை நிலையம், அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளோடு பெற்றோருக்கும் பயிற்சி தருகிறது. பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெய்ல் தட்டச்சுப்பொறி காட்பாடியில் வொர்த் டிரஸ்டில் தயாராகிறது. உதவி தொலைவில் இல்லை. தடையாக நிற்பது பல வீடுகளில் கூச்சமே.

'ஊரார் அறிந்தால் என்ன சொல்வார்கள்' என்று மறைப்பதும், 'முன்வினை' என்று சொல்லி மூலையில் அமர்த்துவதும் பக்தியாகா. நேர்த்திக்கடன் செலுத்துவது நன்று. அரசு மருத்துவமனையில் சான்றிதழுக்கு வரிசையில் நிற்பதும் வேண்டும். பின்னாளில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதித் தருபவரும் கிடைக்க அந்தச் சான்றே துணை செய்யும்.

கோடை விடுமுறையிலேயே தாத்தா பேரனைப் புதிய பள்ளிக்கு இரண்டு மூன்று முறை அழைத்துச் சென்று, ஏறும் நிறுத்தம், இறங்கும் நிறுத்தம், குடிநீர்க் குழாய், கழிப்பறை ஆகியவற்றைக் காட்டலாம். பழைய ஆசிரியையைக் கண்டு, பிள்ளையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வாங்கலாம்: எந்தக் காது கேட்கும், எந்த வரிசையில் அமர்த்த வேண்டும், மருந்து எத்தனை மணிக்கு, அழுதால் எவ்வாறு தேற்றுவது. ஜூன் மாதத்தில் அத்தாளைப் புதிய வகுப்பாசிரியரிடம் நேரில் கொடுத்தால், சான்றிதழில் இல்லாதது அவர் கைக்குச் சேர்ந்துவிடும்.

இவ்வட்டாரத்தில் ஒரு காலத்தில் படிப்பை நிறுத்திய சிறுவர்கள் பீடி சுற்றவும் தீப்பெட்டி வேலைக்கும் போனதைப் பெரியோர் பலர் கண்டிருக்கின்றனர். 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி என்கிறது. ஆயினும் பிள்ளையின் மனம் பள்ளியை விட்டு விலகுவதைச் சட்டம் முதலில் அறியாது. வீட்டில் இருப்பவரே அறிவார். ஆகவே முதல் சில மாதங்கள் மாலையில் மதிப்பெண்ணை விசாரிக்க வேண்டாம். 'இன்று யாரோடு அமர்ந்து சாப்பிட்டாய்?' என்று கேட்டால் போதும். பிள்ளை ஒரு பெயரைச் சொல்லுமானால் கவலை குறையும். தொடர்ந்து சில நாள் மௌனமே விடையானால், மறுநாளே பள்ளிக்குச் சென்று ஆசிரியரைக் காண வேண்டும்.