கேஸ் தீர்ந்துபோகாது

மே 6, செவ்வாய்

கத்திரி தொடங்கியதுமே ஏசி கைவிட்டுவிட்டது. காற்று வருகிறது, குளிர்ச்சி இல்லை. எங்கள் வீடு மேல்தளம். பகலெல்லாம் மொட்டைமாடி வாங்கிய சூடு நள்ளிரவு தாண்டியும் அறைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். அத்தைக்கு எழுபத்தெட்டு வயது, இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். நேற்று இரவு படுக்கவே முடியாமல் கட்டிலில் உட்கார்ந்தபடியே விடியவைத்தார். அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை.

காலையில் ஒரு சர்வீஸ்காரருக்குப் போன் செய்தேன். "கேஸ் போயிருக்கும் மேடம். ஃபில் பண்ண மூவாயிரத்தைந்நூறு ஆகும்" என்றார். வந்து பார்க்கவில்லை, ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கேஸ் ஒன்றும் வண்டிக்குப் போடும் பெட்ரோல் போல எரிந்து தீர்கிற பொருள் இல்லை. மூடிய செம்புக்குழாய்க்குள்ளேயே சுற்றுகிறது. அறைக்குள் சூட்டை வாங்கிக்கொண்டு ஆவியாகும். மாடியில் இருக்கும் அவுட்டோர் யூனிட்டில் அந்தச் சூட்டை விட்டுவிட்டு மறுபடி திரவமாகும். குழாயில் கசிவு இல்லையென்றால் எத்தனை வருஷமானாலும் அளவு குறையாது.

கையில் இருப்பதிலிருந்து தொடங்கினேன். ரிமோட்டில் பனித்துகள் படம் இருக்கிறது, கூல் மோடுதான். டிரை மோடிலோ ஃபேன் மோடிலோ விட்டுவிட்டுப் பலர் மெக்கானிக்கைக் கூப்பிடுவதுண்டு. வெப்பநிலை 24. 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திரக் குறியிட்ட ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. நாங்கள் அதை மாற்றுவதில்லை. பிறகு ஃபில்டரைக் கழற்றினேன். வலைக்கண்ணே தெரியவில்லை. ஆவடி சாலையில் லாரிகள் கிளப்பும் புழுதி, புறவழிச்சாலைப் பக்கம் நடந்த மெட்ரோ வேலையின் சிமென்ட் தூசி எல்லாம் அதில் அப்பிக் கிடந்தது. கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டினேன். காற்றின் வேகம் நன்றாகக் கூடியது. குளிர் மட்டும் வரவில்லை.

ஒன்றைக் கவனித்தேன். ட்ரெயின் பைப்புக்கு அடியில் வைத்த வாளி காய்ந்து கிடக்கிறது. சென்னைக் காற்றில் ஈரம் அதிகம். உள்ளே இருக்கும் குழாய்ச் சுருளான காயில் குளிர்ந்தால் அந்த ஈரம் நீராகி இறங்கியே தீரும். மற்ற நாட்களில் விடிவதற்குள் அரை வாளி சேரும், செம்பருத்திக்கு ஊற்றுவேன். ஒரு சொட்டுகூட இல்லையென்றால் காயில் குளிரவே இல்லை என்று பொருள்.

மே 7, புதன்

வெயில் ஏறுவதற்குள் மாடிக்குப் போனேன். கீழே பையனை ஏசி போடச் சொன்னேன். அவுட்டோர் யூனிட்டின் விசிறி சுற்றியது. கம்ப்ரசர் 'ம்ம்ம்' என்று சில நொடி முனகியது. பிறகு 'டக்' என்று ஒரு சத்தம், அடங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதே முனகல், அதே 'டக்'. வெளியே வரும் காற்றில் கை வைத்தேன். சுட வேண்டிய காற்று சுடவில்லை. குளிர்ந்து வியர்க்க வேண்டிய தடித்த குழாய் உலர்ந்திருந்தது.

இதுதான் எனக்குத் துப்பு. கேஸ் குறைந்திருந்தால் கம்ப்ரசர் பாட்டுக்கு ஓடும், குளிர்தான் குறையும். பெரும்பாலும் மெல்லிய குழாயில் ஐஸ் படியும். இங்கே கம்ப்ரசர் கிளம்பவே இல்லை. கோளாறு மின்சாரப் பக்கம்.

"பழசாயிடுச்சு, ரெண்டு டன்னா வாங்கிடலாம்" என்கிறார் வீட்டுக்காரர். ஒரு டன் என்பது ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது இழுத்துக்கொள்ளும் சூட்டின் அளவு. மணிக்கு 12,000 பி.டி.யூ. ஐஸைக் கொண்டு குளிர்ச்சியை அளந்த காலத்தின் கணக்கு அது. அந்தக் காலத்துச் சாட்சி நம் கடற்கரையிலேயே நிற்கிறது. பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த ஐஸைச் சேமிக்க 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். எங்கள் அறைக்கு ஒன்றரை டன் போன கத்திரியில் போதுமானதாகத்தான் இருந்தது. அறை வளரவில்லையே!

மே 8, வியாழன்

கரையான்சாவடியிலிருந்து ஒரு மெக்கானிக் தம்பி வந்தார். பார்த்ததையெல்லாம் சொன்னேன். "சரியாத்தான் பாத்திருக்கீங்க அக்கா. ஆனா மூடியை மட்டும் நீங்க கழட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு எம்.சி.பி.யை இறக்கினார். கெப்பாசிட்டரில் கரண்ட் நின்ற பிறகும் மின்னூட்டம் தங்கியிருக்கும், தொட்டால் ஆபத்து. பிளாஸ்டிக் பிடிபோட்ட ஸ்க்ரூ டிரைவரால் அந்த மின்னூட்டத்தை இறக்கிவிட்டுத்தான் கெப்பாசிட்டரை வெளியே எடுத்தார்.

கையகல அலுமினிய உருளை. தட்டையாக இருக்க வேண்டிய தலை மேடாக உப்பியிருந்தது. உடம்பில் 50 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருக்கிறது. மீட்டர் 31 காட்டியது. கம்ப்ரசரைக் கிளப்பும் உந்துதலைத் தருவது இந்தக் கெப்பாசிட்டர்தான். மாடியின் அனலில் அதன் ஆயுள் வேகமாகக் குறைகிறது. மாலையில் தெருவே ஏசி போடும்போது வோல்டேஜ் இறங்கி, கம்ப்ரசர் இன்னும் திணறுகிறது. புதியதை மாட்டி எம்.சி.பி.யை ஏற்றியதும் கம்ப்ரசர் பிடித்துக்கொண்டது. பொருளின் விலை நானூறு ரூபாய். இன்வெர்டர் ஏசியில் கம்ப்ரசருக்கு இந்தக் கெப்பாசிட்டர் கிடையாது. அங்கே போர்டைத்தான் பார்க்க வேண்டும்.

அவுட்டோர் யூனிட்டின் முதுகில் தகடுகளுக்கு நடுவே அடைத்திருந்த புழுதியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். கிளாம்ப் மீட்டரைப் போட்டு, பெயர்ப்பலகையில் இருக்கும் ஆம்பியருக்குப் பக்கத்தில் ஓடுகிறது என்று காட்டினார். "கேஸ் கம்மின்னா ஆம்பியரும் கம்மியா இருக்கும். கேஸைத் தொட வேணாம்." சமையலறைத் தெர்மாமீட்டரில் நானும் பார்த்தேன்: உள்ளே இழுக்கும் காற்று 29, வெளியே விடுவது 18. எட்டு முதல் பன்னிரண்டு டிகிரி வித்தியாசம் இருந்தால் நல்ல நிலைதான். அத்தை மத்தியானமே தூங்கிவிட்டார்.

மே 9, வெள்ளி

கீழ்வீட்டு அண்ணன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய பழைய ஏசிக்கு வருஷா வருஷம் கோடையில் கேஸ் ஏற்றுகிறார்கள். அதே தம்பியை இன்று அங்கே அழைத்துப்போனேன். குழாய் சேரும் ஃப்ளேர் நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு, அதன்மேல் கறுப்பாகத் தூசி. கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் கசிந்த தடம் அது. சோப்பு நுரையைத் தடவினார். கடுகளவு குமிழி ஒன்று ஊதி உடைந்தது. அதே இடத்தில் அடுத்தது. அண்ணன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "இத்தனை வருஷமா இதை யாரும் காட்டலையேம்மா" என்றார். பென்ஷன் பணத்தில் கட்டிய தொகை. எனக்கு வயிறு எரிந்தது.

பணம் மட்டும் போகவில்லை. அது ஆர்-22 கேஸ். ஓசோனை அரிப்பதால் மாண்ட்ரீல் ஒப்பந்தப்படி இந்தியா 2030-க்குள் ஏறக்குறைய முழுவதுமாகக் கைவிட வேண்டியது. நூறு வருஷக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 1,810 மடங்கு பூமியைச் சூடாக்கும். அந்தக் குமிழி வழியாக ஒவ்வொரு கோடையிலும் அதுதான் வானத்துக்குப் போயிருக்கிறது. தம்பி குழாய் முனையை வெட்டிப் புது ஃப்ளேர் அடித்தார். நைட்ரஜன் அழுத்தம் கொடுத்துக் கசிவு நின்றதை உறுதி செய்தார். வாக்குவம் போட்டுவிட்டு, பெயர்ப்பலகையில் உள்ள கிராம் கணக்கில் தராசு வைத்துக் கேஸ் ஏற்றினார்.

உங்கள் வீட்டில் யாராவது "கேஸ் போயிடுச்சு" என்றால், "எங்கே கசியுது, காட்டுங்க" என்று கேளுங்கள். இடத்தைக் காட்டி அடைக்காதவரை பணம் கொடுக்காதீர்கள்.